கண்ணாடிக்குள் இருக்கும் முகங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவன் திருப்பூரில் இருக்கிறான், ஒருவன் துபாயில், மூன்றாவது என் தங்கை மகள். "அப்பா படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டணும், எந்தப் பேப்பர் நல்லது? கண்ணாடி போடணுமா, லேமினேஷன் போதுமா?" இதுதான் கேள்வி. தங்கை மகள் கூடவே இன்னொன்றும் சொன்னாள். "பழைய படம் நைஞ்சு போச்சு மாமா. புதுசு வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுரலாம்னு எங்க அத்தை சொல்றாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பேப்பர், எந்தக் கண்ணாடி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்கள் எப்படி வந்தன, எதனால் கெட்டன என்று தெரிந்தால், பதில் உங்களுக்கே புரிந்துவிடும். வாத்தியார் புத்தி, கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்குவேன்.

ஆறாம் வகுப்பில் அட்டைப்பெட்டியும் எண்ணெய்க் காகிதமும் வைத்து ஊசித்துளைக் கேமரா செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே நின்ற வேப்பமரம் காகிதத்தில் தலைகீழாகத் தெரிந்ததும் கத்தினீர்களே! அந்தப் பிம்பத்தைப் பிடித்து நிறுத்தும் வழியை பிரான்சில் தாகேர் என்பவர் 1839ல் உலகுக்கு அறிவித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த படம் அது. விரல் பட்டாலே அழிந்துவிடும். அதனால் மேலே ஒரு கண்ணாடி வைத்து, தகடும் கண்ணாடியும் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு பித்தளைச் சட்டம் கொடுத்து, ஓரத்தைக் காகிதப் பட்டையால் ஒட்டி மூடினார்கள். மேலே கண்ணாடி, நடுவில் இடைவெளி, பின்னால் மூடிய அடைப்பு. இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்.

நம் மாகாணத்துக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்தது. 1850ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். 1856ல் அங்கே போட்டோ சங்கமும் ஏற்பட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, திருச்சி, தஞ்சாவூர் கோயில்களையும் அரண்மனைகளையும் எடுத்த படங்கள் 1858ல் தொகுதிகளாக வெளியாயின. அந்தத் தாள்களை இன்றும் லண்டனில் பார்க்க முடிகிறது. காரணம், அவை சுவரில் தொங்கவில்லை. தொகுதிக்குள் இருட்டில் இருந்தன. வெளிச்சம் படத்தை உண்டாக்குகிறது, அதே வெளிச்சம்தான் படத்தை அழிக்கவும் செய்கிறது. சுவரில் மாட்டுகிற ஒவ்வொரு படத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

சுவரில் படம் மாட்டும் வழக்கத்தை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்ததில் சாமி படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1894ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் அச்சில் வீடு வீடாக வந்தார்கள். அப்புறம் நம் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகிக் குக்கிராமம் வரை போனார்கள். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் பிரேம் போட்டு மாட்டிய வீடுகள் எத்தனை!

நம் வீட்டில் பிரேமின் கண்ணாடிக்கு வெறும் காவல் வேலை மட்டும் இல்லை. சந்தனம், குங்குமம் வைப்பது அந்தக் கண்ணாடி மேல்தான். பொட்டு வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி காட்டி, மறுவாரம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் பொட்டு வைப்போம். சாமி படத்துக்குச் செய்ததை, இறந்துபோன தாத்தா ஆச்சி படத்துக்கும் செய்தோம். கண்ணாடி இல்லாவிட்டால் முதல் பொட்டிலேயே படம் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பழைய வீடுகளில் படத்தை உத்தரத்துக்குப் பக்கத்தில், உச்சியில் மாட்டியிருப்பார்கள். மேல்பக்கம் முன்னால் சாய்ந்து, நம்மைக் குனிந்து பார்ப்பது மாதிரி இருக்கும். பின்னால் இருந்த இடைவெளியில் சிட்டுக்குருவி கூடு கட்டும். சாய்த்து மாட்டினால் எதிர் ஜன்னலின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசாது, சுவரின் ஈரமும் பலகையில் ஏறாது. அந்தக் காலக் கண்ணாடியில் அலை அலையாகத் தெரியும், அதுவும் ஞாபகம் இருக்கும். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959ல் அறிவித்தது. நம் தமிழ்நாட்டிலேயே ஸ்ரீபெரும்புதூரில் 2000ல் அப்படிப்பட்ட பெரிய ஆலை வந்தது. இன்று பிரேம் கடையில் அலை இல்லாத கண்ணாடி சாதாரணமாகக் கிடைப்பதற்கு இந்த முறைதான் காரணம்.

இனி கண்ணாடிக்கு உள்ளே இருந்த படத்துக்கு வருவோம்.

நம் தாத்தாக்கள் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஜெலட்டினில் பதிந்த வெள்ளித் துகள்கள். ஊட்டியில் 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் இந்தத் தொழிலுக்கான பிலிமும் தாளும் 'இந்து' என்ற பெயரில் செய்தது. வெள்ளி உறுதியானது. ஹைப்போவில் போட்டு எடுத்த படத்தை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசியிருந்தால் நூறு வருஷம் தாங்கும். அலசல் போதாவிட்டால் மஞ்சள் அடிக்கும். ஒரே ஸ்டூடியோவில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று பளிச்சென்றும் ஒன்று பழுப்பாகவும் இருந்தால், தண்ணீர் கிடைத்த நாளும் கிடைக்காத நாளும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் படங்களைக் கெடுத்ததில் பெரும்பங்கு பிரேமுக்கு உண்டு. படத்தை நேரே கண்ணாடியோடு அழுத்தி வைத்து, பின்னால் வைக்கோல் அட்டையோ பழைய தினசரித் தாளோ கொடுத்து, மேலே பலகை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். குற்றாலச் சீசன் வந்துவிட்டால் நம் ஊருக்கும் ஈரக்காற்றும் சாரலும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழை வேறு. ஜெலட்டின் ஈரத்தில் பசையாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மலிவான அட்டையில் உள்ள அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். தாகேர் காலத்துப் பித்தளைச் சட்டம் கொடுத்த இடைவெளியை நாம் விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டு ஆச்சி படத்தில் இடது கன்னம் கண்ணாடியோடு ஒட்டிப் பளபளவென்று ஈரம் பட்ட மாதிரி தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம்.

அடுத்து கலர் வந்தது. கலர்ப் படத்தில் வெள்ளி இல்லை, சாயம்தான். 1970களில் எடுத்த கல்யாணப் படங்கள் பலவும் இன்று சிவப்பேறிக் கிடக்கின்றன. மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விட்டது. வெளிச்சமே படாத ஆல்பத்திலும் அது நடந்தது. அதனால்தான் தாத்தா கல்யாணப் படம் நன்றாக இருக்கிறது, அப்பா கல்யாணப் படம் வெளிறிப்போயிருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்கிற இங்க்ஜெட். மயிரிழையை விடச் சிறிய துளைகள் வழியாக மைத்துளிகளைத் தாளில் தெளிக்கிற முறை. 1990களில் வீட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் வந்தது. இதில் இரண்டு வகை மை உண்டு. டை இங்க் என்பது தண்ணீரில் கரைந்த சாயம், துணிக்குப் போடும் நீலம் மாதிரி. பிக்மென்ட் இங்க் என்பது கரையாத நுண்துகள், சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி. சாயத்தை விடத் துகள் வெளிச்சத்தையும் காற்றையும் நன்றாகத் தாங்கும். டேங்க் வைத்த ஆறு கலர் போட்டோ பிரிண்டர்கள் நிறைய ஸ்டூடியோக்களில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் டை இங்க்தான் ஓடுகிறது.

2000ஆம் வருஷம் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்று இரண்டு பிரிண்டர்களை வெளியிட்டது. அதன் பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள் சிலருடைய வீட்டில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. வேறு சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலா என்று பார்த்தால், வெயில் படாத படமும் மாறியிருந்தது. கடைசியில் தெரிந்தது, காற்றில் இருக்கும் ஓசோன்தான் காரணம். அந்தத் தாளின் மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மை பட்டவுடன் காய்வதற்காக வைத்த துளைகள் அவை. அதே துளை வழியாகக் காற்றும் உள்ளே போய்ச் சாயத்தைத் தின்றுவிட்டது. கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படங்கள் தப்பித்துக்கொண்டன. அமெரிக்காவில் படங்களின் ஆயுளைச் சோதித்துவந்த ஹென்றி வில்ஹெம் போன்றவர்கள், வெளிச்சச் சோதனையோடு காற்றுச் சோதனையையும் சேர்த்தே பேசத் தொடங்கினார்கள்.

இன்று கடைகளில் கிடைக்கும் 'உடனே காயும்' போட்டோ பேப்பரில் பெரும்பாலானவை இந்தத் துளை வகைதான். மையும் தாளும் அப்போதைக்கு இப்போது எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் அடிப்படை மாறவில்லை. வெள்ளிப் படத்துக்கு ஈரம் எதிரி. கலர்ப் படத்துக்கு அதன் சாயமே எதிரி. இங்க்ஜெட்டுக்கு வெளிச்சமும் காற்றும் எதிரி. நம் முன்னோர் பொட்டு வைப்பதற்குப் பயன்படுத்திய கண்ணாடி, இந்தப் படத்துக்குத்தான் உண்மையிலேயே தேவை. இந்த நேரம் பார்த்து நாம் கண்ணாடியை விட்டுவிட்டு லேமினேஷனுக்குப் போகிறோம்!

சரி, இனி நேரடியாகப் பதில்.

மை: பிரிண்ட் போடும் இடத்தில் "டையா, பிக்மென்ட்டா?" என்று கேளுங்கள். நிரந்தரமாக மாட்டப்போகும் படத்தைப் பிக்மென்ட்டில் எடுக்கப் பாருங்கள். பக்கத்தில் கிடைக்காவிட்டால் ஊருக்கு வரும்போது மதுரையிலோ சென்னையிலோ எடுத்து வாருங்கள். டைதான் கிடைத்தது என்றால் கண்ணாடி கட்டாயம்.

பேப்பர்: 180 ஜி.எஸ்.எம்., 270 ஜி.எஸ்.எம். என்று சொல்வது எடைக் கணக்கு மட்டுமே. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. தரத்தை அது முழுதாகச் சொல்லாது. மலிவான 180 கிளாஸி நம் ஊர் ஈரத்தில் சுருளும். 260, 270 எடையில் வரும் ஆர்.சி. தாளில் இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் சுருளாது. கண்ணாடி போடப்போகிறீர்கள் என்றால் கிளாஸியே வேண்டாம். பளபளப்பைக் கண்ணாடியே கொடுத்துவிடும். லஸ்டர் அல்லது மேட் போதும், அவை கண்ணாடியில் எளிதாக ஒட்டவும் ஒட்டாது. பணம் செலவழிக்க முடிந்தால், பருத்தியில் செய்த 300 ஜி.எஸ்.எம். மேட் தாள் மிகவும் நல்லது. மிகவும் வெள்ளை வெளேரென்று இருக்கும் தாளில் வெளுப்பு ரசாயனம் இருக்கும். அது மங்கும்போது தாள் மஞ்சளாகத் தெரியும். சற்றே பால் நிறமாக இருக்கும் தாளைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள்.

காய்தல்: எடுத்த அன்றே பிரேம் போடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். மையில் உள்ள கரைப்பான் மெதுவாக வெளியேறும். உடனே அடைத்தால் கண்ணாடியின் உட்பக்கம் மூடுபனி மாதிரி படியும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு நாள் விட்டு, தாளை மாற்றி இன்னும் சில நாள் விடுங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இடைவெளி: இதுதான் முக்கியம். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவில் சன்னல் மாதிரி வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை கேளுங்கள். கடைக்காரர் "மவுண்ட் இல்லாம போட்டா படம் பெருசாத் தெரியும் அண்ணாச்சி" என்பார். சிரித்துக்கொண்டே "இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். படத்தை மவுண்ட்டில் பசை தடவி முழுதாக ஒட்டவும் வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் பிடித்துத் தொங்கட்டும்.

கண்ணாடி: 12க்கு 18 அங்குலப் படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 700 கிராம் வரும், 3 மி.மீ. என்றால் ஒரு கிலோ. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும். மீதியும் வெளிச்சமும் உள்ளே வரத்தான் செய்யும். தன் மேல் விழும் ஒளியில் 8 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்புவதால்தான் எதிர் ஜன்னல் அதில் தெரிகிறது. கூசாத கண்ணாடி என்று சொரசொரப்பாக ஒன்று தருவார்கள். மவுண்ட் வைத்தால் அதற்குப் பின்னால் முகம் மங்கும், வேண்டாம். அருங்காட்சியகங்களில் போடும் கண்ணாடி புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தைத் தடுக்கும், பிரதிபலிப்பும் மிகக் குறைவு. விலை பல மடங்கு. ஒரே ஒரு படத்துக்கு, உங்கள் மனதுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் வரவழைத்துப் போடுங்கள். மற்றபடி சாதாரணக் கண்ணாடி போதும், மாட்டும் இடத்தைச் சரியாகப் பாருங்கள். அக்ரிலிக் எடையில் பாதிதான். சின்னப் பிள்ளைகள் கட்டிலுக்கு மேலே மாட்டுவதற்கும், பெரிய படத்துக்கும் நல்லது. ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும். பொட்டு வைத்துத் துடைக்கிற படத்துக்கு ஆகாது.

லேமினேஷன்: கண்ணாடி உடைந்தால் மாற்றலாம். பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்த படத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. பிள்ளைகள் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் எடுத்த படத்துக்கு அது போதும். அப்பா படத்துக்குப் போதாது.

இடம்: வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம். மழையில் ஊறும் சுவர் வேண்டாம். விளக்கு, ஊதுபத்திப் புகைக்கு நேர் மேலே வேண்டாம். பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போகும். குருவி கட்டிய கூட்டுக்கு இருந்த அதே இடைவெளிதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே படத்தை மூன்று சின்னத் துண்டாக எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். ஒன்றைக் கண்ணாடியோடு ஜன்னலில் வையுங்கள், ஒன்றைக் கண்ணாடி இல்லாமல் வையுங்கள், மூன்றாவதை நோட்டுக்குள் வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் தாளை எடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட வைத்துச் செய்யுங்கள்.

இனி, பழைய படம். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

புதுப் பிரிண்ட் என்பது முன்பக்கத்தின் நகல் மட்டும். பழைய படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கும், 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருக்கும். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019ல்தானே. யாரோ பென்சிலில் தேதி எழுதியிருப்பார்கள். பின்திரையில் வரைந்த அரண்மனைத் தூணும், கைவைத்து நிற்கிற நாற்காலியும் எந்த ஊர் ஸ்டூடியோ என்று சொல்லும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது. ராஜாக்கள் படம் இல்லை, நம்மைப் போன்ற குடும்பங்களின் படம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தேடி வருகிற பொருளை நாம் ஆக்கர்க்காரரிடம் போடலாமா? இன்னொன்று, வெள்ளிப் படம் உங்கள் இங்க்ஜெட்டை விட அதிக நாள் இருந்தாலும் இருக்கும். அப்போது உங்கள் பேரன் மறுபடி நகல் எடுக்க அதுதானே வேண்டும்?

ஆகவே சுவரில் நகலை மாட்டுங்கள், அசலை இருட்டில் வையுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கையோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், 600 டி.பி.ஐ. வையுங்கள். பிறகு நல்ல வெள்ளைத் தாள் உறையில் போட்டு, தரையில் படாமல், பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பசைத்தாள் ஆல்பமும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். புதுப் படத்தின் பின்பலகையில் ஒரு தாள் ஒட்டி, படத்தில் இருப்பவர் பெயர், ஊர், யாருக்கு என்ன முறை, அசல் எந்த வருஷம் எடுத்தது, நகல் எந்த வருஷம் எடுத்தது, எந்த மை, எந்தத் தாள் என்று எழுதிவிடுங்கள். ஆர்.சி. தாளின் பின்னால் பென்சில் பிடிக்காது, அதனால்தான் தனித்தாள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். "இது யாரு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத படங்கள் ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

தங்கை மகளே, அந்தப் பழைய படத்தை எடுத்து வை. பொங்கலுக்கு வரும்போது நானே வந்து ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்று உங்கள் அத்தையிடம் சொல். மற்றவர்களும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் பழைய வாத்தியார்,
சுரண்டை